ஒரு டாக்டரம்மாவுக்காக நாலு கட்சிக் குளியல்

தென்காசி ஸ்டேஷனில் நான் இறங்கியபோது மழை பெய்தது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த ஊர்க்காரர்கள் அதற்குச் சாரல் என்று பெயர் வைத்து வருஷம் முழுக்க அதற்காகக் காத்திருக்கிறார்கள். கொழும்பில் மழை வந்தால் குடையை விரிப்போம், நின்றால் மடக்குவோம். இங்கே என்ன செய்வதென்று தெரியாமல் பாதி விரித்த குடையோடு நின்றேன்.

வந்த காரியம் அப்படி ஒன்றும் சந்தோஷமானதல்ல. என் தங்கை செண்பகத்துக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போய்விட்டது. இரண்டாவது முறை வலி கண்டதும் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டு போனார்கள். ஆலங்குளம் தாண்டி ஆளில்லாத ரோட்டில் கார் நின்றுவிட்டது. பிள்ளை அங்கேயே பிறந்தது. அது அழவே இல்லை.

“இந்தத் தடவை அண்ணன் பக்கத்துல இருக்கணும்” என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேட்டி கிழித்துக் கொடுக்கிறவன். ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். பக்கத்தில் இருந்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி. குதிரை ஒவ்வொரு தெருமுனையிலும் நின்றது. வண்டிக்காரர் சவுக்கைக்கூட எடுக்கவில்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, “குதிரைக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தேர்தல் வந்தா எல்லாக் கட்சிக்காரனும் நம்ம வண்டியிலதான் மைக்கைக் கட்டி விளம்பரம் பண்ணுதான். முக்குக்கு முக்கு நிண்ணு பேசுவான். இது அதைப் பழகிட்டு. தேர்தல் போயி நாளாச்சு, இதுக்கு மட்டும் இன்னும் முடியல.”

இடி விழுந்து பிளந்து நிற்கும் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, எல்லா முனைகளிலும் யாரும் பேசாத கூட்டத்துக்கு நின்று நின்று, ஒரு வழியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது. கால் அதைவிட. “வந்துட்டியளா அண்ணே” என்றவள், அழுவாள் என்று நான் நினைத்ததற்கு மாறாக, “பாண் இல்லாம எப்படி இருக்கப் போறிய?” என்று கேலி செய்தாள். கொழும்பில் நாங்கள் ரொட்டியைப் பாண் என்போம். அவளுக்கு அது எப்போதும் சிரிப்பு. இலையில் ஆப்பமும் சொதியும் வைத்தாள். தேங்காய்ப்பாலின் வாசனையில் ஒரு நிமிஷம் எல்லாக் கவலையும் மறந்தது. அடுத்த நிமிஷம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் இலையை மடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் என்னை அழைத்துப்போய் ஒரு கட்டடத்தைக் காட்டினாள். யாரோ ஒரு செல்வந்தர் தன் தாயார் நினைவாகக் கட்டி அரசாங்கத்துக்குக் கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரி. நாலு கட்டில், ஒரு நர்ஸம்மா. லேடி டாக்டர் மாற்றலாகிப் போனபின் வேறு ஆள் போடவில்லை. நர்ஸம்மா சுலபமான பிரசவங்களைப் பார்ப்பார். செண்பகத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பிள்ளை குறுக்கே கெடக்கு. டாக்டர் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கே முன்னால் போய்ப் படுத்துவிடலாமே என்றேன். செண்பகம் வேகமாகத் தலையை ஆட்டினாள். அந்த ரோட்டை நினைத்தாலே அவளுக்கு உடம்பு உதறுகிறது. காரில் ஏறவே மாட்டேன் என்றாள்.

“ஊர்ல யாரும் கேக்கலையா?”

“எல்லாரும் கேக்காவ. செங்கொடிக் கூட்டத்துல இவுக கேக்காவ. கதர்க்காரவ அவுக கூட்டத்துல கேக்காவ. கறுப்புச் சட்டைக்காரவளும் கேக்காவ. தனித்தனியாக் கேக்காவ அண்ணே. அதான் ஒருத்தர் காதுலயும் விழல.”

“இவுக” என்று அவள் சொன்னது என் மாப்பிள்ளை சண்முகத்தை. பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறவர். தோளில் சிவப்புத் துண்டு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூடக் கழற்ற மாட்டேன் என்று நின்றவர். அன்றைக்குக் குற்றாலத்தில் சீசனுக்குக் குளிக்க ஒரு மந்திரி வந்திருக்கிறார் என்ற செய்தியோடு வந்தார். நான் உடனே எழுந்துவிட்டேன்.

“மாப்ளே, எல்லாக் கட்சியும் சேர்ந்து போய்க் கேட்டால் என்ன?”

“யாரு, அந்தக் கதர்க்கட்சி வேலாயுதம் பிள்ளையோடயா? கூலி உயர்வு கேட்டப்போ எங்க ஆளுகளைப் போலீசை விட்டு விரட்டுனது யாரு மச்சான்? அவர்கூட நிண்ணா சங்கத்துல நான் என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?”

மற்றவர்களை நானே பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் அவன் கட்சி மாறிவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கதர்க்கட்சியின் வேலாயுதம் பிள்ளை நீர்மோர் கொடுத்தார். தொண்டு என்றார், தாய்மை தெய்வம் என்றார். கடவுள் வாழ்த்தோடு ஒரு கூட்டம் போட்டுத் தன் தலைமையில் தீர்மானம் நிறைவேற்றலாம் என்றார். தையல்கடை செங்குட்டுவன் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். அப்பா வைத்த பெயர் சுப்பையாவாம், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் துணி தைத்துத் தர மாட்டார். கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “பிள்ளை பெறுததுக்குப் பொம்பளை சாவணும்னு எந்தச் சாத்திரம்வே சொல்லிச்சு? கடவுள் வாழ்த்துப் பாடினா நான் எந்திரிச்சுப் போயிருவேன்” என்றார். ஜவுளி வியாபாரி மைதீன் ராவுத்தர் பச்சைத் தலைப்பாகையோடு என்னை உட்காரவைத்து நெய்ச்சோறு போட்டார். அவர் கட்சிக்கும் ஒரு கொடி உண்டு, பச்சை. “எங்க வீட்டுப் பொம்பளைக ஆம்பிளை டாக்டர்ட்ட கையை நீட்ட மாட்டாவ. நாங்களும் நீட்டச் சொல்ல மாட்டோம். அதனால எத்தனை பேரைக் கபுர்க்குழியில வச்சுட்டோம்” என்றார். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு பேருக்கும் பொதுவாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மந்திரியிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம். அதைப் பகல் முழுக்க மனசுக்குள் தைத்தேன். “தாய்மார்களின் நலம் கருதி” என்றால் அதில் உரிமை எங்கே என்றார் மாப்பிள்ளை. “உரிமை” என்றால் சண்டைக்குப் போவதுபோல இருக்கிறது என்றார் பிள்ளை. “தயவுசெய்து” என்றால் கெஞ்ச மாட்டோம் என்றார் தையல்காரர். அது இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்றார் ராவுத்தர். தெருத்தெருவாக அலைந்து என் கொழும்புச் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்தால் செண்பகம் ஒருக்களித்துப் படுத்து, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள்.

அறுந்த செருப்பைப் போட்டுவிட்டு மறுபடி தெருவில் இறங்கினேன்.

வழி சொன்னவர் ராவுத்தர். “நீங்க ஒவ்வொருத்தர் வீடா அலைஞ்சா ஆகாது. அவுக ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகவும் மாட்டாவ. போனா, கட்சி மாறுதான்னு மறுநாள் ஊரு பேசும். குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வாங்க. அங்கன யாரு பக்கத்துல யாரு படுத்துக் கெடந்தான்னு எவன் கேப்பான்?”

குற்றாலம் பஸ்ஸில் ஆட்களைவிட ஈரத்துண்டுகள் அதிகம். ஜன்னல் கம்பிகளில் கோவணங்கள் காய்ந்துகொண்டு வந்தன. எனக்கு முன்னால் இரண்டு மலையாளிகள். ஒருவர் தன் மொழியில் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது: “இந்தத் தமிழர்கள் அருவிக்குள்ளே நின்றுகொண்டும் அரசியல் பேசுகிறார்கள். தண்ணீரின் சத்தத்தில் ஒருவன் சொல்வது ஒருவனுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் அங்கே மட்டும் சண்டை வருவதில்லை.” மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ் பாதியில் நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார், ஓடியது. தட்டினால் ஓடும் வண்டியில் செண்பகத்தை ஏற்றுவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்காமலே இருந்திருக்கலாம்.

பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாகப் பாறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டியது. முதுகில் படார் படாரென்று அடி விழும். காசு கொடுத்து வாங்கும் அடி. தேய்த்து முடிந்ததும் உடனே குளிக்கக் கூடாது. எண்ணெய் ஊற வேண்டும். ஊறாமல் அருவியில் நின்றால் காய்ச்சல் வரும் என்பது அங்கே யாரும் மீறாத சட்டம். கறுப்புச் சட்டைக்காரர்கூட அதை மட்டும் கேள்வி கேட்பதில்லை.

ராவுத்தர் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லி எல்லாரையும் வரவழைத்து, ஒரே பாறையில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டார். கண்ணுக்கு எண்ணெய் போகாமல் மூடிக்கொண்டு கிடந்த பிள்ளை, கண்ணைத் திறந்து திரும்பினால் பக்கத்தில் செங்குட்டுவன். அந்தப் பக்கம் என் மாப்பிள்ளை, சிவப்புத் துண்டு இல்லாமல். ஈரத்தில் நனையுமே என்று அதை என் கையில் கொடுத்திருந்தார்.

“என்ன மைதீனு இது?” என்று பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். கை வழுக்கியது. திரும்பவும் படுத்துவிட்டார்.

“எண்ணெய் ஊறட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் எங்கன போகப் போறிய?”

நான் செண்பகத்தைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே கிடக்கிற பிள்ளையைச் சொன்னேன். என் வாக்கியத்தைச் சொன்னேன். அதை நாலு பேரும் படுத்தபடியே வெட்டினார்கள். பத்து நிமிஷம் காட்டுக் கூச்சல். எண்ணெய் வழிய வழிய, குரங்குகள் பார்க்கப் பார்க்க. கொழும்பில் ஒரு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆண்கள் நாலு பேர் உரக்கப் பேசினாலே கதவைச் சாத்தத் தோன்றும். “மெதுவா, மெதுவா” என்று ஒவ்வொருவர் தலைமாட்டிலும் போய்க் குனிந்து கெஞ்சினேன்.

கடைசியில் செங்குட்டுவன்தான், முகத்தைப் பாறையில் வைத்தபடி, “ஏன்வே, காரணம் எதுக்கு ஒண்ணா இருக்கணும்? அவர் சாமிக்காகக் கேக்கட்டும், நான் மனுசிக்காகக் கேக்கேன். வரப்போற டாக்டரம்மா ஒண்ணுதான?” என்றார்.

அதை மட்டும் யாரும் வெட்டவில்லை. அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம். மேடை வேண்டாம், தலைமை வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். அவரவர் காரணத்தை அவரவர் சொல்ல வேண்டியது. முடிவில் டாக்டரம்மா உடனே வேண்டும் என்று எல்லாரும் சொல்ல வேண்டியது. யார் முதலில் பேசுவது என்று மறுபடி ஒரு இழுபறி. அருவிக்குள் முதலில் யார் நுழைகிறாரோ அவர் என்றார் ராவுத்தர். பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும். அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தலை துவட்டும்போது பிள்ளை சொன்னார்: “ஒண்ணு மட்டும். நிறம் வேண்டாம். எல்லாரும் வெறும் வெள்ளையில வாங்க. என் தொப்பியை நானும் எடுத்துருதேன். ஊர் ஆளுகளாப் போவோம்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட நியாயம் உண்டா? மாப்பிள்ளை முனகினார், ஆனாலும் சரி என்றார். செங்குட்டுவனிடம் வெள்ளைச் சட்டையே கிடையாது. ஊருக்கெல்லாம் தைக்கிறவருக்கு என் சட்டையைக் கொடுத்தேன். கக்கத்தில் பிடித்தது.

அடுத்த நாள் மந்திரி தங்கியிருந்த பங்களாவுக்குப் போனோம். அவர் குளித்த தலையோடு சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிள்ளை முதலில் பேசினார், தாய்மை தெய்வம் என்று. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் மந்திரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

“எல்லாம் நம்ம ஆளுங்கதானே? நம்ம ஆளுங்கன்னா பொறுமை வேணும். இப்ப நிதி நெருக்கடி. நானும் மனசுல வச்சிருக்கேன். பார்ப்போம், பார்ப்போம்” என்று எழுந்தவர், போகிற போக்கில் செங்குட்டுவன் தோளைத் தட்டி, “இந்த மாதிரி வாலிபர்கள்தான் நம்ம கட்சிக்கு வேணும் பிள்ளை!” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே சாயாக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி சுடச்சுட வந்தது. யாரும் தொடவில்லை. செங்குட்டுவன் என் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கோபத்தில் கண் கலங்கியிருந்தது. “மச்சான், போவோம். நான் அப்பவே சொன்னேன்லா” என்றார் மாப்பிள்ளை. எல்லாம் முடிந்தது என்றுதான் எனக்கும் பட்டது. வாடகைக் காருக்கு இப்போதே சொல்லி வைப்போமா, செண்பகத்தை எப்படி ஏற்றுவது, ஆலங்குளத்தில் யாரையாவது காத்திருக்கச் சொல்வோமா என்று மனசு ஓட ஆரம்பித்தது.

பிள்ளை தேங்காய்ச் சட்னியைத் தள்ளி வைத்தார்.

“தப்பு என்மேல. இந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பழக்கம். சொந்தக் கட்சிக்காரன் எங்கன போயிருவான்னு சொல்லுதது அது. நாம ஒரே ஆளா போயி நிண்ணுட்டோம். நாலு ஆளா நிண்ணுருந்தா பயந்துருப்பாரு. நாளைக்குக் காலம்பற ஊருக்குக் கிளம்புதாரு. அவரவர் உடுப்புல வாங்க.”

“எங்களுக்கு ஒண்ணுமில்ல” என்றார் ராவுத்தர் மெல்ல. “உங்களுக்குத்தான் அண்ணாச்சி. அவர் முன்னால எங்களோட நிண்ணா, அடுத்த தடவை சீட்டுக் கிடைக்குமா?”

“கிடைக்காது.” பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தார். “என் மூத்த மக வலியோட உசுரை விட்டதும் அந்த ஆலங்குளம் ரோட்டுலதான்.”

அது ஊருக்கே தெரிந்த விஷயமாம். அவர் வாயால் யாரும் கேட்டதில்லையாம். செங்குட்டுவன் ஒரு பஜ்ஜியை எடுத்துப் பிள்ளையின் இலையில் வைத்தார்.

மறுநாள் காலை பஸ் வரவே இல்லை. வழியில் மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். மந்திரி கிளம்பிவிடுவார். நான் ஸ்டாண்டில் இங்கும் அங்கும் ஓடி, கடைசியில் கிடைத்தது அதே குதிரை வண்டி. கதர்த்தொப்பி, சிவப்புத் துண்டு, கறுப்புச் சட்டை, பச்சைத் தலைப்பாகை, நடுவில் நான். குதிரை முதல் முனையில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அந்த முனையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். நாலு கட்சியும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. “என்னலே இது, யாரும் செத்துட்டாவளா?” என்று ஒரு குரல். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அடுத்த முனையில் குதிரை நின்றது. இன்னும் சிலர். அதற்கடுத்த முனையில் பீடி சுற்றுகிற பெண்கள் ஆறேழு பேர் தட்டை உள்ளே வைத்துவிட்டு நடந்தே வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. மரம் விழுந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது. யாரும் அதை ஏற்பாடு செய்யவில்லை.

மந்திரியின் கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முந்தின நாள் தோளைத் தட்டிய வாலிபரைக் கறுப்புச் சட்டையில் பார்த்ததும் வாய் கொஞ்சம் திறந்தது. காரிலிருந்து இறங்கினார்.

“பிள்ளை, நீங்களுமா?”

“ஆமாங்கய்யா. நானுந்தான்.”

நாலு பேரும் நாலு விதமாகப் பேசினார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை உரிமை என்றபோது பிள்ளை பல்லைக் கடித்தார். பிள்ளை ஆண்டவன் என்றபோது செங்குட்டுவன் மலையைப் பார்த்தார். ஆனால் “டாக்டரம்மா இந்த வாரமே வேணும்” என்பதில் எல்லாரும் வந்து நின்றார்கள். பின்னாலிருந்து அந்தப் பெண்களும் சொன்னார்கள். மந்திரி தன் காரியதரிசியைக் கூப்பிட்டு அங்கேயே உத்தரவு போட்டார். திருநெல்வேலியிலிருந்து ஒரு லேடி டாக்டரைத் தற்காலிகமாக அனுப்பும்படி. கிளம்பும்போது எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பிள்ளை பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அதன்பின் வந்த நாட்கள்தான் கொடுமை. உத்தரவு போட்டாயிற்று, ஆள் வரவில்லை. நான் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். பெண்கள் தனியாக இறங்கினால் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் என்னைத் திட்டினார், அது நியாயம்தான். செண்பகத்துக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன், அடி பிடித்துவிட்டது. அவள் அதையும் சாப்பிட்டாள்.

டாக்டரம்மா ஒரு முற்பகலில் வந்தார். மலையாளப் பக்கத்தவர், சின்ன உருவம். பெட்டியை வைப்பதற்குள் நான் போய் நின்றேன். அன்றைக்கு மத்தியானமே செண்பகத்துக்கு வலி எடுத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சாரல் அடித்தது. மாப்பிள்ளை நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். சேதி கேட்டு மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பிறகு பிள்ளை, டாக்டரம்மாவுக்கு ஒரு வரவேற்புக் கூட்டம் போட வேண்டும் என்றார். “யாரு தலைமை?” என்றார் செங்குட்டுவன். அவ்வளவுதான். இந்தத் தடவை எண்ணெய்கூட இல்லை. யாரால் வந்தது, யார் முதலில் கேட்டது, யார் கொடி எங்கே கட்டுவது என்று வராந்தா அதிர்ந்தது. “உள்ளே என் தங்கச்சி இருக்கா!” என்று நான் கைகூப்பினேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா. “என்ன ஒச்சை இது? ஆஸ்பத்திரியா, சந்தையா? ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் அந்த வராந்தாவில் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும்தான். உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. செண்பகத்தின் முனகல்கூட நின்றுவிட்டிருந்தது. மாப்பிள்ளை சிவப்புத் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். நான் சுவரோரம் போய் நின்றுவிட்டேன்.

கதவு மறுபடி திறந்தது. நர்ஸம்மா தலையை மட்டும் நீட்டி, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

“செண்பகம் அழுது. ஏன் சத்தத்தை நிறுத்திட்டாவன்னு கேக்குது. அன்னைக்கு ரோட்டுல ஒரு சத்தமும் இல்லையாம். இங்கன வெளியில ஆளுக சண்டை போடுத சத்தம் கேட்டாத்தான் ஊருக்குள்ள இருக்கோம்னு தெரியுதாம். போடச் சொல்லுங்கன்னு சொல்லுது. டாக்டரம்மாவும் சரின்னுட்டாவ.”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திடீரென்று சண்டை போடு என்றால் எங்கே போவது? செங்குட்டுவன் மூக்கை உறிஞ்சினார். பிள்ளை கனைத்துக்கொண்டார்.

“கள்ளுக்கடையைத் திறக்கணும்னு சொல்லுதவன்லாம் ஒரு மனுசனா?” என்றார், குரல் நடுங்க.

“இந்தியைக் கொண்டாந்து எங்க தலையில கட்டுதவன் மனுசனா?” என்றார் செங்குட்டுவன்.

“சத்தமா!” என்று நான் கத்தினேன். “அவளுக்குக் கேக்க வேண்டாமா? இன்னும் சத்தமா!”

மாப்பிள்ளை துண்டை வாயிலிருந்து எடுத்தார். நில உச்சவரம்பில் ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பிள்ளையைப் பார்த்து, ஜமீன்தாரின் கைக்கூலி என்றார். பிள்ளையும் விடவில்லை. ராவுத்தர் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் எதையோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. எனக்கு இந்த ஊர் அரசியல் ஒன்றும் தெரியாது.

நர்ஸம்மா எப்போது வந்து நின்றார் என்று நாங்கள் பார்க்கவில்லை. கையைத் தட்டித் தட்டி ஓய்ந்து, கடைசியில் செங்குட்டுவனின் கறுப்புச் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காவ. அது அழ ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு, உங்க யாரு காதுலயும் விழலையா?”

விழவில்லை. எங்கள் ஐந்து பேரில் ஒருவர் காதிலும் விழவில்லை.